நெஞ்சுல கதிர் சிகிச்சை எடுத்த பிறகு நுரையீரலுக்குள்ள என்ன நடக்குது? அடிக்கடி வர்ற கேள்விகள்

நுரையீரல், மார்பகம், உணவுக்குழாய், லிம்ஃபோமா, இப்படி எதுக்காகவாவது நெஞ்சுப்பகுதியில கதிர் சிகிச்சை எடுத்தவங்க, அவங்க வீட்டு ஆளுங்க இங்க சிங்கப்பூர்ல கேக்குற கேள்விங்கதான் இது. நான் டாக்டர் இல்லங்க, லேப்ல திசு ஸ்லைடு பார்க்கிற ஆளு, அதனால மருந்து மாத்துறது நிறுத்துறது எல்லாம் உங்க டாக்டரோட வச்சுக்கங்க. உள்ள என்ன நடக்குதுங்கிறத மட்டும் நான் சொல்றேன், அது தெரிஞ்சா டாக்டர் சொல்றது பாதி புரிஞ்சிடும்.

மேசையில படுத்திருக்கிற அந்த சில நிமிஷத்துலயே நுரையீரல்ல ஏதாவது ஆகுதா?

ஆகுது, உடனே ஆகுது. நுரையீரல் புற்றுநோய்க்கு கீமோவோட சேர்த்து குடுக்கும்போது வழக்கமான கணக்கு ஒரு தடவைக்கு 2 கிரே (திசு வாங்குற கதிரோட அளவு), 30 தடவை, மொத்தம் 60 கிரே. கதிர் நேரா டிஎன்ஏ மேல போய் அடிக்கிறது ஒரு பங்குதான், அதைவிட அதிக சேதம் தண்ணி வழியா வருது. செல்லுக்குள்ள இருக்கிறதே பெரும்பாலும் தண்ணிதானே, அது உடைஞ்சு ஹைட்ராக்சில் ரேடிக்கல்னு ஒண்ணு கிளம்பும், அது பக்கத்துல எது இருந்தாலும் அதுல இருந்து எலக்ட்ரானை பிடுங்கிக்கும், டிஎன்ஏ, கொழுப்பு, புரதம்னு பாகுபாடே கிடையாது. 1 கிரேக்கு ஒரு செல்லுல சுமார் 1000 ஒத்தை இழை முறிவு, சுமார் 40 இரட்டை இழை முறிவு விழும்.

ஒத்தை இழை முறிவை செல் சுலபமா சரி பண்ணிடும். இரட்டை இழைதான் தலைவலி. அது விழுந்ததும் ஏடிஎம்னு ஒரு என்சைம் முழிச்சுக்கிட்டு, பக்கத்துல இருக்கிற எச்2ஏஎக்ஸ் புரதத்துல பாஸ்பேட்டை ஒட்டி அடையாளம் வைக்கும். லேப்ல ஒளிரும் ஆன்டிபாடி போட்டு மைக்ரோஸ்கோப்புல பார்த்தா செல் கருவுக்குள்ள பச்சைப் புள்ளியா தெரியும், ஒரு புள்ளி கிட்டத்தட்ட ஒரு முறிவு. அரை மணி நேரத்துல புள்ளிங்க அப்பிக்கிடக்கும், மறுநாள் பார்த்தா பெரும்பாலானது காணாம போயிருக்கும். போகாம அங்கயே நிக்குது பாருங்க சில புள்ளிங்க, பின்னாடி வர்ற கதை பூரா அதுங்களாலதான்.

அப்போ ஏன் உடனே ஒண்ணும் தெரியல? எல்லாம் முடிஞ்சு 2, 3 மாசம் கழிச்சுதானே இருமல் வருது?

எல்லாரும் தடுமாறுற இடம் இதுதான். சிகிச்சை முடிஞ்சுது, மணி அடிச்சாச்சு, கேக் வெட்டியாச்சு, ஆளும் தெம்பா தேக்கா மார்க்கெட்டுக்கு நடந்து போய்ட்டு வர்றாரு, திடீர்னு மூணாவது மாசம் வறட்டு இருமல், படி ஏறினா மூச்சு வாங்குது. வீட்ல என்ன நினைப்பாங்க, மழையில நனைஞ்சதுனு நினைப்பாங்க, ஏர்கான் காத்துனு நினைப்பாங்க, ஐஸ் மைலோ குடிச்சதுனு திட்டுவாங்க. கதிர் சிகிச்சையை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, அதுதான் எப்பவோ முடிஞ்சிருச்சேன்னு.

முடியல. தாமதத்துக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, நுரையீரல் செல்லுங்க மெதுவாதான் பிரியும். குடல் செல், தலைமுடி வேர் செல் எல்லாம் சீக்கிரம் சீக்கிரம் பிரியும், அதனாலதான் அங்க கதிரோட விளைவு சில நாள்லயோ வாரத்துலயோ தெரியுது. டிஎன்ஏ முறிஞ்ச செல் பல சமயம் அடுத்த தடவை பிரிய முயற்சி பண்ணும்போதுதான் சாகும், அதுவரைக்கும் பார்க்க நல்லாத்தான் இருக்கும். ரெண்டாவது காரணம்தான் முக்கியம். அடிபட்ட செல்லுங்க சைட்டோகைன்னு சொல்ற செய்தி மூலக்கூறுகளை வெளிய விட ஆரம்பிக்குது, ஐஎல்-1, ஐஎல்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா, டிஜிஎஃப்-பீட்டானு, இதைப் பார்த்து வேற செல்லுங்க வந்து அதுங்களும் அதையே விடும், ஒண்ணு மத்ததை தூண்டிவிட்டுக்கிட்டே போகும். 1995ல பிலிப் ரூபின் குழு எலிங்கள்ல இதைக் காட்டினாங்க, கதிர் குடுத்த கொஞ்ச நேரத்துலயே இந்த சைட்டோகைன் ஜீன்கள் வேலையை ஆரம்பிச்சு, எலி பார்க்க நல்லா ஓடியாடிக்கிட்டு இருக்கிற வாரங்கள்லயும் நிக்காம போய்க்கிட்டு இருந்துச்சு. ஆளுக்கு ஒண்ணும் தெரியாத அந்த மாசங்களை ஓய்வுக்காலம்னு நினைக்காதீங்க, உள்ள வேலை நடந்துக்கிட்டுதான் இருக்கு.

நாள் கணக்கு தோராயமா இப்படி: அழற்சி, அதாவது நியூமோனைட்டிஸ், பெரும்பாலும் 1ல இருந்து 6 மாசத்துக்குள்ள. தழும்பு, அதாவது ஃபைப்ரோசிஸ், 6 மாசத்துக்கு மேல, 2 வருஷம் வரைக்கும்கூட மெதுவா கூடிக்கிட்டே போகும். எல்லாருக்கும் ரெண்டும் வரணும்னு இல்ல, அழற்சியே தெரியாம நேரா தழும்போட வர்றவங்களும் இருக்காங்க.

எந்த செல்லுக்கு அடி ஜாஸ்தி?

நுரையீரல் காத்துப்பைங்களை எல்லாம் விரிச்சுப் போட்டா சுமார் 70 சதுர மீட்டர் வரும், நம்ம மூவறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டோட தரைப்பரப்பு கிட்டத்தட்ட. அவ்வளவு பெரிய பரப்புல காத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்கிற சுவர் ஒரு மைக்ரானுக்கும் கம்மி. அந்த சுவர்ல காத்துப் பக்கம் ரெண்டு வகை செல். முதல் வகை ரொம்ப மெல்லிசா பரந்து கிடக்கும், பரப்புல 95 சதவீதம் அதுதான். ரெண்டாம் வகை சின்னதா உருண்டையா மூலையில உக்காந்திருக்கும், ஆனா வேலை பூரா அதுதான் பண்ணுது: காத்துப்பை சுருங்கி ஒட்டிக்காம இருக்க சர்ஃபாக்டன்ட் சுரக்கிறது அது, முதல் வகை செத்தா பிரிஞ்சு வளர்ந்து அந்த இடத்தை நிரப்புறதும் அது. கதிர் இந்த ரெண்டாம் வகையை தாக்கினா மாத்து ஆளே இல்லாம போயிடுது.

ரத்தக்குழாய் உள்சுவர் செல்லும் கதிர் தாங்காது. அதோட சவ்வுல இருந்து செராமைடுன்னு ஒரு கொழுப்பு கிளம்பி செல்லை சாகச் சொல்லும், சாகாம பொழைச்ச செல்லு ஐகேம்-1 மாதிரி ஒட்டு புரதத்தை வெளிய நீட்டும், ஓடிக்கிட்டு இருக்கிற வெள்ளை அணுக்கள் அதுல மாட்டி திசுக்குள்ள இறங்கிடும். குழாய் கசியும், புரதம் கலந்த தண்ணி காத்துப்பைக்குள்ள போகும். சிடி ஸ்கேன் ரிப்போர்ட்ல கிரவுண்ட் கிளாஸ்னு போட்டிருப்பாங்களே, மங்கலா வெள்ளையா, அதுல பாதி கதை இந்தக் கசிவுதான்.

இன்னொரு கூட்டம் இருக்கு, சாகவும் இல்ல, பிரியவும் இல்ல. பி53, பி21 புரதங்கள் ஏறி நின்னு செல் பிரியறதை நிரந்தரமா நிறுத்தி வச்சிடும், இதை செனெசன்ஸ்னு சொல்றாங்க, முதுமைநிலைன்னு வச்சுக்கங்க. சும்மா உக்காந்திருந்தா பரவாயில்ல, அது பாட்டுக்கு ஐஎல்-6, இன்னும் என்னென்னவோ சுரந்துக்கிட்டே இருக்கும், பக்கத்து செல்லையும் முதுமைக்கு இழுக்கும்.

எந்தக் கட்டுரையைத் தொட்டாலும் டிஜிஎஃப்-பீட்டானு வருதே, அது என்ன அவ்வளவு பெரிய ஆளா?

ஆமா, இந்தக் கதையில வில்லன் யாருன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன், ஆனா முழு வில்லன் இல்ல. சாதாரண நுரையீரல்லயே இது நிறைய கிடக்கு, எல்ஏபின்னு ஒரு புரதம் மேல போர்த்தி வேலை செய்ய விடாம வச்சிருக்கும். கதிர் கிளப்பின ரேடிக்கல் அந்த எல்ஏபியை ஆக்சிஜனேற்றம் பண்ணி அதோட வடிவத்தை மாத்திடும், போர்வை கழண்டதும் டிஜிஎஃப்-பீட்டா வேலைக்கு இறங்கிடும். அதாவது இதுக்கு புதுசா ஒரு ஜீனும் ஓட வேண்டியதில்ல, ஏற்கனவே இருக்கிற சரக்கே போதும், அதனாலதான் அவ்வளவு வேகம். பிற்பாடு காத்துப்பையோட உள்பக்கத்தை மூடியிருக்கிற எபிதீலியல் செல் மேல இருக்கிற ஆல்ஃபா-வி பீட்டா-6 இன்டெக்ரின்ங்கிற புரதமும் இதே வேலையை பண்ணும்.

வெளிய வந்த டிஜிஎஃப்-பீட்டா, நார் திசுவை உண்டாக்குற ஃபைப்ரோபிளாஸ்ட் செல் மேல இருக்கிற ரிசப்டர்ல உக்காரும், உள்ள ஸ்மாட்2, ஸ்மாட்3 புரதங்கள்ல பாஸ்பேட் ஏறும், அதுங்க கருவுக்குள்ள போய் கொலாஜன், அதாவது தழும்போட நார்ப் புரதம், அதோட ஜீன்களை தட்டி எழுப்பும். ஃபைப்ரோபிளாஸ்ட் அதோட மயோஃபைப்ரோபிளாஸ்டா மாறிடும், தசை மாதிரி இழுத்து சுருக்குற ஆக்டின் அதுக்குள்ள வரும். இதுக்கு நடுவுல ரத்தக்குழாய் செத்துப்போன இடத்துல ஆக்சிஜன் கம்மியாகி, அதை உணர்ற எச்ஐஎஃப்-1 புரதம் ஏறும், குப்பையைத் தின்னுற மேக்ரோஃபேஜ் செல் அங்க வந்து இன்னும் ரேடிக்கல் விடும், அது இன்னும் டிஜிஎஃப்-பீட்டாவை அவுத்து விடும். கதிர் நின்னு பல மாசம் ஆனாலும் சுத்திக்கிட்டே இருக்கிறதுக்கு இதுதான் காரணம்.

அப்போ அதை மருந்து போட்டு அடைச்சிட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அதே மூலக்கூறுதான் நம்ம எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே கடிக்காம அடக்கி வைக்குது. 1992ல அந்த ஜீனை எடுத்துட்ட எலிங்க பொறந்து சில வாரத்துலயே உடம்பு பூரா அழற்சி வந்து செத்துப்போச்சு. முழுசா அடைக்கிறது அவ்வளவு லேசு இல்ல.

ஃபைப்ரோசிஸ் வந்த நுரையீரல் பார்க்க எப்படி இருக்கும்?

மேசன் ட்ரைக்ரோம்னு ஒரு சாயம் இருக்கு, கொலாஜனை மட்டும் நீலமா காட்டும். நல்ல எலி நுரையீரலை வெட்டி சாயம் போட்டா ஸ்லைடு பெரும்பாலும் வெறும் வெள்ளை ஓட்டைதான், நடுவுல மெல்லிசா சிவப்புக் கோடுங்க, நீலம் மூச்சுக்குழாயையும் ரத்தக்குழாயையும் சுத்தி கொஞ்சூண்டு. கதிர் குடுத்து ஆறு மாசம் ஆன சி57 வகை எலியோட ஸ்லைடை அதுக்குப் பக்கத்துல வையுங்க, ஓரத்துல, நெஞ்சுக்கூட்டு சவ்வுக்கு கீழயே, திட்டு திட்டா நீலம் அடைச்சுக்கிட்டு நிக்கும், ஓட்டையே இல்ல, காத்துக்கு இடமே இல்ல. திட்டுக்கு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி பார்த்தா நல்ல திசு இருக்கும்! சாயம் கழுவும்போது அசிட்டிக் ஆசிட் வாடை மூக்கை அடைக்கும், அது வேற கதை.

இதுல ஒரு சுவாரசியம், சி57 எலிக்கு இவ்வளவு தழும்பு வரும், அதே டோஸை சி3எச் வகை எலிக்கு குடுத்தா அழற்சிதான் பலமா வரும், தழும்பு ரொம்ப கம்மி. ஒரே கதிர், ஒரே டோஸ், ஜீன் மட்டும்தான் வேற. பக்கத்து பெட்ல இருந்த அங்கிளுக்கு ஒண்ணுமே ஆகலையே எங்கப்பாவுக்கு மட்டும் ஏன்னு கேக்குறவங்களுக்கு பதிலோட ஒரு பாதி இதுல இருக்கு.

ஸ்டீராய்டு குடுக்குறாங்களே, அது இதையெல்லாம் சரி பண்ணுமா?

எந்தக் கட்டத்துல இருக்கீங்கங்கிறதைப் பொறுத்தது. பிரெட்னிசோலோன் செல்லுக்குள்ள போய் அழற்சி ஜீன்களை எழுப்புற என்எஃப்-கப்பா-பியை அடக்கும், ஐஎல்-1, ஐஎல்-6, டிஎன்எஃப் எல்லாம் இறங்கும், கசிவு குறையும், அதனாலதான் நியூமோனைட்டிஸ்ல பல பேருக்கு சில நாள்லயே மூச்சு லேசாகுது. ஆனா ஏற்கனவே படிஞ்ச கொலாஜன் ஸ்டீராய்டுக்கு கரையாது. தழும்பு தழும்புதான்.

நல்லா ஆயிடுச்சேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும், சட்டுனு நிறுத்தினா அழற்சி திரும்பி வரும். இன்னொன்னு, நம்ம ஆளுங்க வீட்ல சக்கரை இல்லாத ஆளைத் தேடணும், ஸ்டீராய்டு சக்கரையை விர்ருனு ஏத்தும், பாலிகிளினிக்ல பார்க்கிற டாக்டருக்கும் சொல்லி வையுங்க. பழைய காசநோய் இருந்திருந்தா அதையும் மறைக்காம சொல்லணும், ஸ்டீராய்டுல அது முழிச்சுக்கலாம்.

பேரப்பிள்ளையை தூக்கலாமா? உடம்புல கதிர் இருக்குமா?

தாராளமா தூக்குங்க. வெளிய மெஷின்ல இருந்து குடுக்கிற கதிர் உடம்புல தங்காது.

எக்ஸ்ரே, சிடி அடிக்கடி எடுக்குறாங்களே, அதுவும் இதே மாதிரி பண்ணுமா?

பண்ணாது. நெஞ்சு எக்ஸ்ரே ஒண்ணு சுமார் 0.1 மில்லிசீவர்ட் இல்ல அதுக்கும் கம்மி. சிகிச்சையில ஒரு நாள் டோஸ் 2 கிரே, அளவுகோல் வேறனாலும் ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். நியூமோனைட்டிஸ் வர்ற அளவுக்கு கிட்டயே வராது.

யாருக்கு வர்ற வாய்ப்பு அதிகம்?

முதல்ல எவ்வளவு நல்ல நுரையீரல் கதிர்ல மாட்டுதுங்கிறது. பிளான் போடும்போது வி20ன்னு ஒரு எண் பார்ப்பாங்க, ரெண்டு நுரையீரலும் சேர்த்து எத்தனை சதவீதம் 20 கிரேயும் அதுக்கு மேலயும் வாங்குதுன்னு. அதை 30, 35 சதவீதத்துக்குள்ள, சராசரி டோஸை 20 கிரே சுத்துல வைக்கப் பார்ப்பாங்க. கேட்டா சொல்வாங்க, கேக்கலாம், தப்பில்ல. மத்தபடி வயசு, கட்டி கீழ் மடல்ல இருக்கிறது, சில கீமோ. எல்லாத்துக்கும் மேல, முன்னாடியே நுரையீரல் திசுத் தழும்பு நோய் இருக்கிறவங்க, அவங்களுக்கு ஆபத்து ரொம்ப ஜாஸ்தி.

சிகரெட் விஷயம் கொஞ்சம் குண்டக்க மண்டக்க. பல ஆய்வுகளை சேர்த்துப் பார்த்தப்ப இப்பவும் புகைக்கிறவங்களுக்கு நியூமோனைட்டிஸ் கொஞ்சம் கம்மியாத்தான் இருந்துச்சு, புகை எதிர்ப்பு சக்தியோட எதிர்வினையை மழுங்கடிக்குதுன்னு ஒரு விளக்கம். இதைக் கேட்டுட்டு ஒரு மாமா பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாரு, அதனாலதான் சேர்த்தே சொல்லிடறேன், புகைச்சா புற்றுநோய் சிகிச்சையோட பலனே குறையுது, இந்த சின்ன லாபத்துக்கு அந்த நஷ்டம் கட்டாது.

இம்யூனோதெரபி சேர்ந்தா இது மோசமாகுமா?

கொஞ்சம் கூடும். 2017ல பசிஃபிக்னு ஒரு ஆய்வு வந்துச்சு, கீமோ கதிர் முடிஞ்சவங்களுக்கு துர்வாலுமாப் குடுத்தாங்க. எல்லா அளவும் சேர்த்து நியூமோனைட்டிஸ் 33.9 சதவீதம், மருந்தே இல்லாத போலி ஊசி (பிளசிபோ) போட்டவங்களுக்கு 24.8. ஆனா கடுமையானது ரெண்டு பக்கமும் ரொம்ப கம்மி, 3.4க்கு 2.6. அதே ஆய்வுல நோய் முத்தாம இருந்த காலம் நல்லா நீண்டுச்சு, அதனால பயந்துக்கிட்டு வேணாம்னு சொல்லிடாதீங்க. எதிர்ப்பு சக்தியோட பிரேக்கை எடுக்கிற மருந்துங்கிறதால, ஏற்கனவே கதிர் கிளப்பி வச்ச டி செல்லுங்க (எதிர்ப்பு சக்தியோட வெள்ளை அணுக்கள்) இன்னும் கொஞ்சம் துள்ளும், அவ்வளவுதான். அப்புறம் கதிர் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு ஜெம்சைடபின் மாதிரி மருந்து போடும்போது, பழைய கதிர் பட்ட இடம் மட்டும் திரும்ப அழற்சி காட்டுறதும் உண்டு.

கிருமித் தொற்றா, கதிரா, புற்றுநோய் திரும்பிச்சா, எப்படி பிரிக்கிறாங்க?

சிடி ஸ்கேன்தான் முக்கியம். கிருமிக்கு நுரையீரல் மடல் எல்லை தெரியும், ஆனா பீம், அதாவது கதிர்க்கற்றை, எங்க போச்சுன்னு அதுக்குத் தெரியாது. கதிர் சேதம் பல சமயம் பீம் போன வழியில நேர்கோடா வெட்டின மாதிரி ஓரத்தோட நிக்கும், மடல் எல்லையைத் தாண்டிப் போகும். பழைய டோஸ் பிளானை ஸ்கேன் மேல வச்சுப் பார்ப்பாங்க. ஆனா எப்பவும் அவ்வளவு சுத்தமா இருக்காது, மார்பகத்துக்கு கதிர் எடுத்த சிலருக்கு கதிரே படாத பகுதியில, சில சமயம் அடுத்த பக்க நுரையீரல்லகூட அழற்சி நகர்ந்து நகர்ந்து வரும், அது நேரடி சேதம் இல்ல, லிம்ஃபோசைட்னு சொல்ற வெள்ளை அணுக்கள் பண்ற வேலை.

ரத்தத்துல கேஎல்-6னு ஒண்ணு இருக்கு, அடிபட்ட ரெண்டாம் வகை செல்லுல இருந்து கசியறது, ஜப்பான்ல நுரையீரல் திசு நோய்களுக்கு வழக்கமா பார்க்கிறாங்க. அதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது.

மஞ்சள், வைட்டமின் மாத்திரை சாப்பிட்டா தடுக்கலாமா?

மஞ்சள்ல இருக்கிற குர்குமினை தீவனத்துல கலந்து குடுத்த எலிங்களுக்கு கதிர் தழும்பு கம்மியா வந்தது உண்மை. ஆனா அது எலி, தீவனத்துல கலந்த டோஸ், மனுஷங்கள்ல அப்படி நிரூபிக்கல. சாம்பார்ல போடற மஞ்சளை யாரும் தடுக்கல. சிராங்கூன் ரோட்ல பாட்டில்ல விக்கிற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையை மட்டும் சிகிச்சை நடக்கிற வாரங்கள்ல கேக்காம போடாதீங்க, ரேடிக்கல்தான் கட்டியையும் கொல்லுது, அதை அடக்கினா எந்தப் பக்கம் லாபம்னு சொல்ல முடியாது.

தழும்பை திருப்புற மருந்து வருமா?

எனக்கு ஆசை காட்டுறது முதுமைநிலை செல்லை குறிவைக்கிற வழிதான். 2017ல ஏபிடி-263ன்னு ஒரு மருந்தை, ஏற்கனவே தழும்பு விழுந்த எலிங்களுக்கு குடுத்தப்ப முதுமைநிலை ரெண்டாம் வகை செல்லுங்க செத்து தழும்பும் குறைஞ்சுது. வந்த தழும்பு குறையறது பெரிய விஷயம். ஆனா அது ரத்தம் உறைய வேண்டிய பிளேட்லெட்டையும் குறைக்கிற மருந்து, அதனால அப்படியே ஆளுங்களுக்கு கொண்டுவர முடியாது. நின்டெடனிப், பிர்ஃபெனிடோன் ரெண்டும் காரணம் தெரியாத ஃபைப்ரோசிஸுக்கு ஏற்கனவே இருக்கு, கதிர் தழும்புக்கும் முயற்சி பண்ணிப் பார்க்குறாங்க.

புரோட்டான் எடுத்தா இந்த தொல்லையே இருக்காதாமே?

விளம்பரம் மாதிரி கேக்குறீங்க. அவுட்ரம்ல தேசிய புற்றுநோய் நிலையத்தோட புது கட்டடத்துல 2023ல புரோட்டான் சிகிச்சை ஆரம்பிச்சாங்க. புரோட்டான் ஒரு ஆழத்துக்குப் போய் நின்னுடும், அதைத் தாண்டி கிட்டத்தட்ட டோஸ் போகாது, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நுரையீரல் பூரா காத்து, மூச்சுக்கு மூச்சு அசையுது, எங்க போய் நிக்கும்னு கணக்கு போடறது கஷ்டம். 2018ல வந்த ஒரு சீட்டுக்குலுக்கல் முறை ஆய்வுல, பழைய வகை புரோட்டானும், வழக்கமான எக்ஸ்ரே கதிரை கட்டியோட வடிவத்துக்கு ஏத்தி குடுக்கிற ஐஎம்ஆர்டியும் நியூமோனைட்டிஸ்ல பெரிய வித்தியாசம் காட்டல. சிலருக்கு உபயோகம், எல்லாருக்கும் இல்ல.

புகைமூட்டம் வந்தா என்ன பண்றது?

2013 ஜூன் 21ல பிஎஸ்ஐ, அதாவது காத்து மாசு குறியீடு, 401 தொட்டுச்சே, அந்த மாதிரி நாள்ல இவங்க வெளிய போகவே கூடாது. நுண்துகளைத் தின்ன மேக்ரோஃபேஜும் அதே ஐஎல்-1, ஐஎல்-6தான் விடும், ஏற்கனவே கொதிக்கிற இடத்துல அது வேற. ஜன்னலை சாத்திட்டு ஏர்கானோ ஏர் பியூரிஃபையரோ போடுங்க. மூச்சு வாங்குறவங்க என்95 போட்டா இன்னும் திணறும், டாக்டரைக் கேட்டுட்டு போடுங்க.

ராத்திரி ஏ அண்ட் இ (ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு) போனா என்ன சொல்லணும்?

இருமல் காய்ச்சல்னு மட்டும் சொன்னா ஆன்டிபயாட்டிக் குடுத்து அனுப்ப வாய்ப்பு இருக்கு. முதல் வாக்கியமே இதுவா இருக்கட்டும்: நெஞ்சுல கதிர் சிகிச்சை எடுத்தவரு, இந்த மாசம் முடிஞ்சுது, இந்தப் பக்கம், இத்தனை கிரே, இந்த இம்யூனோதெரபி இல்ல மாத்திரை ஓடுது. சிகிச்சை சுருக்கத்தை போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கங்க, பிள்ளைங்க போன்லயும் அனுப்பி வையுங்க. உக்காந்திருக்கும்போதே மூச்சு திணறுது, உதடு நீலமாகுது, பேச முடியலைன்னா டாக்சி தேடாதீங்க, ஆம்புலன்ஸுக்கு 995.